யார் வீட்டு வழி?

காளி கண்டகிப் பள்ளத்தாக்கு செத்துவிட்டது என்ற துக்கச் செய்தி ஒரு கல்யாண வீட்டில் எனக்குக் கிடைத்தது. பந்திக்கு இலை போடக் காத்திருந்த சமயம்.

சொன்னவர் சாதாரண ஆசாமி அல்ல. இமயமலைப் பக்கம் ஏழெட்டுத் தடவை போய் வந்தவர். மலைநடையைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறவர். நன்றாக எழுதுகிறவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோசமாக எழுதுகிறவர் தப்பான அபிப்பிராயம் சொன்னால் ஊருக்கு ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நன்றாக எழுதுகிறவர் சொன்னால்தான் ஆபத்து.

"எப்போது செத்தது?" என்று விசாரித்தேன்.

"2008 வாக்கில். ஜோம்சோம் வரைக்கும் மோட்டார் போகிற சாலை வெட்டினார்கள் பாருங்கள், அன்றைக்கே செத்துவிட்டது. அதற்கு முன்னால் நான் போயிருக்கிறேன். கோவேறு கழுதைகளின் கழுத்து மணியைத் தவிர வேறு சப்தம் கிடையாது. இப்போது ஹாரன், புழுதி, டீசல் புகை. ஸார், நீங்கள் அங்கே போகவே போகாதீர்கள். மனசு உடைந்துவிடும்."

அங்கே போய்விட்டு வந்து எனக்கு அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. மனசு உடைந்தது வாஸ்தவம். ஆனால் அவர் நினைத்த காரணத்துக்காக அல்ல. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சொல்லக்கூடிய விஷயமும் அல்ல அது. ஆகையால் இங்கே சொல்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நேபாளத்தின் வடக்கே, திபெத்து எல்லையை ஒட்டிய முஸ்தாங் என்ற வறண்ட மேட்டு நிலத்தில் பிறக்கிறது காளி கண்டகி. அது தெற்கே வர வேண்டுமானால் குறுக்கே இமயமலை நிற்கிறது. ஆறு அந்த மலையை அறுத்துக்கொண்டே வருகிறது. மலை எழும்புவதற்கு முன்பே ஆறு இங்கே ஓடிக்கொண்டிருந்தது, மலை எழும்ப எழும்ப ஆறு அறுத்துக்கொண்டே இருந்தது என்று புவியியல் அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆறு மூத்தது, மலை இளையது. மேற்கே தவளகிரி, 8,167 மீட்டர். கிழக்கே அன்னபூர்ணா, 8,091 மீட்டர். இரண்டு சிகரங்களுக்கும் நடுவே சுமார் 35 கிலோமீட்டர் தூரம். அந்த இடைவெளியில், ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரத்தில் ஆறு ஓடுகிறது. அதாவது சிகரத்துக்கும் ஆற்றுக்கும் ஐந்தரைக் கிலோமீட்டர் வித்தியாசம். உலகத்திலேயே ஆழமான பள்ளத்தாக்கு இதுதான் என்று ஒரு கட்சி. இல்லை, திபெத்தில் உள்ள யார்லுங் சாங்போதான் என்று மற்றொரு கட்சி. எங்கிருந்து அளப்பது என்பதில் இருக்கிறது சண்டை. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.

நமக்கு வேண்டியது வேறு. இந்த ஆற்றில்தான் சாளக்கிராமம் கிடைக்கிறது. பதினான்கு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே கடல் இருந்தபோது அதில் வாழ்ந்த சுருள் ஓட்டுப் பிராணிகள் கல்லாகிப் போனவை அவை. பள்ளத்தாக்கின் மேல்முனையில், 3,700 மீட்டருக்கு மேலே, முக்திநாத் இருக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்ற திவ்ய தேசம் இதுவே என்பது வைஷ்ணவர்களின் நம்பிக்கை. ஆகவே நம் பக்கத்து ஜனங்களுக்கும் இந்த இடத்தோடு பழைய பாத்தியதை உண்டு.

கோரக்பூர் வரையில் ரயில், சுனௌலியில் எல்லையைக் கடந்து பொக்கரா, அங்கிருந்து பேனி, பிறகு ஜீப்பில் தாதோபானி என்று போய்ச் சேர்ந்தேன். அதற்கு மேல் நடப்பதாகச் சங்கல்பம். முதல் இரண்டு நாளும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கல்யாண வீட்டு நண்பர் செய்ததையேதான் செய்தேன். ஒவ்வொரு பஸ் கடக்கும்போதும் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, சாலை போட்டவனைச் சபித்தேன். காசாவுக்குக் கீழே பள்ளத்தாக்கு மிகவும் குறுகி, இரண்டு பக்கமும் பாறைச் சுவர், அடியில் ஆறு இரைகிறது. அந்த இரைச்சலுக்கு மேலே ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது. மனத்துக்குள்ளேயே ஒரு கட்டுரை எழுதி முடித்துவிட்டேன். தலைப்புக்கூட வைத்தாகிவிட்டது. அதை இங்கே சொல்ல வெட்கமாயிருக்கிறது.

மூன்றாவது நாள் சாயங்காலம், காசாவைத் தாண்டி ஒரு கிராமத்தில், ஒரு தகாலிப் பெண்மணி நடத்தும் விடுதியில் தங்கினேன். தகாலிகள் இந்தப் பள்ளத்தாக்கின் சொந்தக்காரர்கள். வியாபாரத்திலும் சமையலிலும் கெட்டிக்காரர்கள். அடுப்பங்கரையே சாப்பாட்டுக் கூடம். அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். என்னை "தாய், தாய்" என்று கூப்பிட்டாள். முதலில் திடுக்கிட்டேன். நேபாளியில் "தாய்" என்றால் அண்ணன் என்று பிறகு ஞாபகம் வந்தது. என் இந்தி சென்னை இந்தி. அவளுடைய இந்தி பள்ளத்தாக்கு இந்தி. இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின.

சோறும் பருப்பும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்ட பிறகு, ஆறுதல் சொல்கிற குரலில் கேட்டேன்: "இந்தச் சாலை வந்து உங்கள் ஊரையே கெடுத்துவிட்டது, இல்லையா, அம்மா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கெடுத்துத்தான் இருக்கிறது, தாய். முன்னெல்லாம் இந்த மாசத்தில் பன்னிரண்டு அறையும் நிரம்பி, கூடத்திலே படுக்கை போடுவோம். இப்போது எல்லாரும் பஸ்ஸிலே போய்விடுகிறார்கள். இன்றைக்கு நீங்கள் ஒருவர்தான்."

"பார்த்தீர்களா!" என்றேன்.

"என் அக்காவுக்குத் தலைப்பிரசவம்," என்று அவள் தொடர்ந்தாள். "எனக்கு அப்போது பதினோரு வயது. இரண்டு நாள் வலி. குழந்தை வரவில்லை. டோகோவை ஒரு பக்கம் வெட்டி, அதற்குள்ளே கம்பளி போட்டு உட்கார வைத்து, அப்பாவும் சித்தப்பாவும் மாற்றி மாற்றி முதுகில் சுமந்துகொண்டு பேனிக்குப் புறப்பட்டார்கள். மூன்று நாள் நடை. மழைக்காலம். நீங்கள் நேற்று வந்தீர்களே, அந்த இறக்கத்தில், இரண்டாம் நாள் போய்விட்டாள். திரும்பவும் அதே கூடையில்தான் கொண்டுவந்தார்கள்."

டோகோ என்பது முதுகில் சுமக்கிற மூங்கில் கூடை. அதன் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு சுமப்பார்கள்.

அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு அவள் சொன்னாள்: "எனக்கு நஷ்டந்தான். ஆனால் சாலை வேண்டாம் என்று நான் சொல்வேனா, தாய்?"

மனத்துக்குள் எழுதி வைத்திருந்த கட்டுரையை அன்றிரவே கிழித்துப் போட்டேன். அதற்குப் பதிலாக எழுதியது இது.

சாலை வந்ததனால் பள்ளத்தாக்கு செத்துவிட்டது என்கிறவர்களின் வாதத்தில் ஒரு பெரிய சரித்திரப் பிழை இருக்கிறது. அவர்கள் பேசுவதைக் கேட்டால், இது ஆதி காலம் தொட்டு மௌனத்தில் ஆழ்ந்து கிடந்த தபோவனம் என்றும், திடீரென்று ஒரு நாள் மண்வாரி இயந்திரம் வந்து தவத்தைக் கலைத்துவிட்டது என்றும் தோன்றும். உண்மை என்ன? இந்தப் பள்ளத்தாக்கு எந்தக் காலத்திலும் சாலையாகத்தான் இருந்தது. இமயத்தின் பெரிய சிகரங்களுக்கு நடுவே, பனிக்கணவாய் ஏறாமல், ஆற்றோரமாகவே வடக்கே போகிற வழி இது. திபெத்திலிருந்து உப்பும் கம்பளியும் கீழே வந்தன. தெற்கேயிருந்து நெல்லும் தானியமும் மேலே போயின. அந்த உப்புக்குச் சுங்கம் வசூலிக்கிற குத்தகையை எடுத்துத்தான் துக்குசே என்ற ஊரின் தகாலிக் குடும்பங்கள் மாளிகை கட்டின. அந்த மாளிகைகளின் மர வேலைப்பாட்டை இன்றைக்கும் பார்க்கலாம். ஜப்பானியத் துறவி எகாய் கவகுச்சி 1899-1900-இல் இந்தப் பள்ளத்தாக்கில் தங்கித்தான் பிறகு யாருக்கும் தெரியாமல் திபெத்துக்குள் போனார். 1959-க்குப் பிறகு திபெத்து எல்லை இறுகியது. இந்திய உப்பும் மலிவாக வந்தது. வியாபாரம் படுத்தது. துக்குசேயின் பெரிய குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்கின.

அதற்குப் பிறகுதான் ஐயா, முதுகுப்பை மாட்டிக்கொண்டு நாம் வந்தோம்! வியாபாரம் போய் வெறிச்சோடிக் கிடந்த கடைவீதியைப் பார்த்துவிட்டு, "ஆஹா, என்ன அமைதி!" என்றோம். நாம் நடந்தது நமக்காகப் போட்ட பாதை அல்ல. உப்பு மூட்டைக்காகப் போட்ட பாதை. வெளியூர் நடையர்கள் இங்கே நிம்மதியாக நடந்தது நாற்பது வருஷம் இருக்குமா? அந்த நாற்பது வருஷத்தை அநாதி காலம் என்று நினைத்துக்கொண்டு, அது முடிந்ததும் ஒப்பாரி வைக்கிறோம். ஆற்றின் வயசுக்கும் அந்த ஊர்க்காரர்களின் வயசுக்கும் முன்னால் நம்முடைய ஒப்பாரிக்கு என்ன வயசு?

இன்னொன்று. வண்டிச் சப்தம் இல்லாத அந்தப் பொற்காலத்தில் சாமான்கள் தாமாக நடந்து வந்தனவா? கோவேறு கழுதையின் மணி ஓசையைக் கேட்ட நண்பர், அதன் முதுகுப் புண்ணைப் பார்த்தாரா? விடுதியில் அவர் குடித்த பீர் பாட்டில் யாருடைய நெற்றிப் பட்டையில் தொங்கி வந்தது?

1950-இல் பிரெஞ்சுக்காரர்கள் துக்குசேயில் முகாம் போட்டு, தப்பான தேசப்படத்தை வைத்துக்கொண்டு அன்னபூர்ணா எங்கே இருக்கிறதென்று வாரக்கணக்கில் தேடினார்கள். கடைசியில் ஜூன் 3-ஆம் தேதி மோரிஸ் ஹெர்சோகும் லூயி லஷனாலும் உச்சியில் நின்றார்கள். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றின் உச்சியை மனிதன் எட்டியது அதுதான் முதல் தடவை. திரும்பும்போது பனி கடித்து, ஹெர்சோக் கைவிரல்களையும் கால்விரல்களையும் இழந்தார். லஷனால் கால்விரல்களை இழந்தார். நடக்க முடியாத அந்த இருவரையும் வாரக்கணக்கில் முதுகில் சுமந்து கீழே கொண்டுவந்தார்கள் ஷெர்ப்பாக்களும் கூலிகளும். உச்சியில் நின்ற இருவரின் பெயர் உலகம் முழுவதும் தெரியும். சுமந்து வந்த முதுகுகளின் பெயர் யாருக்குத் தெரியும்? மலையில் சாலை இல்லை என்றால் அதற்கு அர்த்தம், யாரோ ஒருவருடைய முதுகு சாலையாக இருக்கிறது என்பதுதான். பிரெஞ்சு வீரருக்குக் கிடைத்த முதுகு அந்த அம்மாளின் அக்காவுக்கும் கிடைத்தது. போதவில்லை.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் இருக்கிறது; மறைக்கமாட்டேன். சாலை வேண்டும் என்பது ஒன்று. எப்படிப்பட்ட சாலை என்பது வேறொன்று. மலையின் அடிவயிற்றை இயந்திரத்தால் கீறி, மண்ணை ஆற்றில் தள்ளிவிட்டு, தண்ணீர் வடிய வழி விடாமல் போய்விட்டால், அடுத்த மழையில் மலை இறங்கி வந்து கணக்குக் கேட்கும். இந்த மலை சும்மா இருக்கிற மலையும் அல்ல. 2015 மே மாதம் பேனிக்கு மேலே சரிவு விழுந்து காளி கண்டகியையே அடைத்துவிட்டது. பின்னால் ஏரி தேங்கியது. கீழே உள்ள ஊர்களையெல்லாம் காலி செய்தார்கள். அணை தானாக உடைந்து தண்ணீர் வடிகிற வரையில் ஜனங்கள் மேட்டில் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். 2023 ஆகஸ்டில், மழையே அதிகம் காணாத காக்பேனியில் வெள்ளம் வந்து வீடுகளை வாரிக்கொண்டு போயிற்று. இந்தச் சம்பவங்களுக்குச் சாலைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இப்படிப்பட்ட மலையில் அரைகுறையாக வேலை செய்யக்கூடாது என்றுதான் சொல்கிறேன். கோரலா கணவாய் வழியாகச் சீன எல்லையையும் தெற்கே இந்திய எல்லையையும் இணைக்கிற பெருவழியாக இதை ஆக்குவதாகத் திட்டம். லாரிகள் பெருகும். அப்படியானால் தடுப்புச் சுவர் எங்கே, வடிகால் எங்கே, வழியில் ஆஸ்பத்திரி எங்கே, வியாபாரம் இழந்த விடுதிக்காரர்களுக்கு மாற்று என்ன என்று கேளுங்கள். பேனா பிடித்தவர்கள் அதற்காகச் சண்டை போட்டால் நானும் கூட வருகிறேன். "நல்ல சாலை போடு" என்பது சண்டை. "சாலையே போடாதே, எனக்குப் படம் எடுக்கத் தடையாயிருக்கிறது" என்பது அசல் சுயநலம். அதற்குச் சௌந்தரிய உபாசனை என்று பெயர் வைத்தாலும் அது சுயநலந்தான்.

இந்தப் பக்கம் இவர்கள் என்றால், அந்தப் பக்கம் வேறொரு கூட்டம் இருக்கிறது. அது பெரும்பாலும் நம்மவர்கள். சாலை வந்துவிட்டது என்றதும் மலையே போய்விட்டது என்று நினைக்கிறவர்கள். பொக்கரா சுமார் 800 மீட்டர் உயரம். அங்கே காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறி, அன்று இரவே முக்திநாத்தின் வாசலில் படுக்க வேண்டும். மறுநாள் விடியற்காலையில் 108 தாரைகளின் பனித் தண்ணீரில் தலை நனைத்து, அன்றே திரும்பிவிட வேண்டும். அவ்வளவு அவசரம்! அந்த உயரத்தில், நாம் சமவெளியில் இழுக்கிற மூச்சில் மூன்றில் இரண்டு பங்குகூடக் கிடைக்காது. 3,000 மீட்டரைத் தாண்டினால், படுக்கிற இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். நான் கோவில் படிகளில் பார்த்தேன்: எழுபது வயதுப் பாட்டி ஒருத்தி உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருக்கிறாள்; பிள்ளை, "கொஞ்சந்தான் அம்மா, எழுந்திரு" என்கிறான். கீழே கொண்டுபோ அப்பா என்று நான்தான் கத்தினேன். கேட்டானோ, பிழைத்தான். இரண்டு மணி நேரம் கீழே இறங்கியதும் பாட்டிக்குப் பேச்சு வந்ததாக மறுநாள் காக்பேனியில் சொன்னார்கள். அவளை இறக்கியது அதே சாலைதான் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆகாய மார்க்கமாகப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொக்கராவிலிருந்து ஜோம்சோமுக்கு இருபது நிமிஷம்தான். ஆனால் முற்பகல் பத்துப் பதினொரு மணிக்கெல்லாம் தெற்கேயிருந்து பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிடும். விமானம் காலையில்தான் போக முடியும். 2022 மே 29-ஆம் தேதி அந்த வழியில் ஒரு சிறு விமானம் மலையில் மோதி 22 பேரும் மாண்டார்கள்; அவர்களில் 4 பேர் இந்தியர்கள். சாலை ஆபத்து, ஆகாயம் பத்திரம் என்பது இந்தப் பள்ளத்தாக்கில் செல்லாது.

ஆகவே நண்பருக்கு நான் சொல்வது இதுதான்: நடை எங்கும் போய்விடவில்லை. எதிர்க்கரையில், நடப்பவர்களுக்கென்று பாதை விட்டிருக்கிறார்கள். கல்லில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டி அடையாளம் வைத்திருக்கிறார்கள். தொங்கு பாலத்தைக் கடந்து அந்தக் கரைக்குப் போனால், பைன் காட்டுக்குள் பஸ் சப்தம் பத்து நிமிஷத்தில் மறைந்துவிடுகிறது. நான் அதில்தான் லார்ஜுங் வரையில் நடந்தேன். அங்கே பள்ளத்தாக்கு அகன்று, சாம்பல் நிறக் கூழாங்கல் வெளியாகக் கிடக்கிறது. ஆறு அதில் நாலைந்து இழையாகப் பிரிந்து ஓடுகிறது. ஆழம் என்பதே தெரியவில்லை. இதுவா அந்த மகா பள்ளம் என்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. மத்தியானம் காற்று எழுந்து முதுகைப் பிடித்துத் தள்ளியது. மேகம் விலகியது. ஆகாயம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்த இடத்தில், தலைக்கு மேலே, கழுத்தை ஒடித்துப் பார்க்க வேண்டிய உயரத்தில், வெள்ளையாக ஒரு பனிச்சுவர் நின்றது. தவளகிரி. அப்போதுதான் நான் எவ்வளவு அடியில் நிற்கிறேன் என்பது புரிந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். தூரத்தில், அக்கரையில், தீப்பெட்டி அளவில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த பஸ் அந்த மலையிலிருந்து ஓர் அங்குலத்தைக்கூடக் குறைக்கவில்லை.

திரும்பும்போது எதிர்க்காற்றில் நடக்கத் தெம்பில்லாமல் ஜோம்சோமில் பஸ் ஏறினேன். மார்ஃபாவில் ஆப்பிள் பெட்டிகள் ஏற்றினார்கள். 1960-களில் அங்கே அரசாங்கத் தோட்டக்கலைப் பண்ணை ஏற்பட்ட நாளாகப் பழத்துக்குக் குறைவில்லை. கீழே கொண்டுபோகத்தான் வழியில்லை. சாலை இல்லாத காலத்தில் கழுதை சுமந்தது போக மீதியை உலர்த்தினார்கள், பிராந்தி காய்ச்சினார்கள். இப்போது பழம் பழமாகவே பொக்கரா போகிறது.

என் விடுதிக்காரி இருந்த கிராமத்தில் பஸ் நின்றது. அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பேனியிலிருந்து மேலே வருகிற பஸ்ஸும் அதே சமயம் அங்கே வந்து நின்றது. அதிலிருந்து ஒரு சின்னப் பெண், கம்பளியில் சுற்றிய பச்சைக் குழந்தையோடு இறங்கினாள். கூட வந்தவன் கையில் ஆஸ்பத்திரி மருந்துப் பை. விடுதிக்காரி போய்க் கம்பளியை விலக்கிப் பார்த்துவிட்டு, அவசரமாக மூடினாள். புழுதி படக்கூடாது என்று.